ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சோபா

முத்துச்செல்வி: இந்த முன்காலைப் பிடிச்சு ஒரு சாண் தூக்குங்க அண்ணாச்சி.

சங்கரபாண்டியன்: தூக்கிட்டேன்... போதுமாக்கா?

முத்துச்செல்வி: அடுத்த கால் தரையிலயே நிக்கு பாருங்க. சட்டம் உறுதியா இருந்தா அதுவும் கூடவே எந்திரிக்கணும்.

சங்கரபாண்டியன்: இருபது வருசமா தூத்துக்குடியில பழைய சோபா விக்கேன். இப்படி ஒருத்தரும் தூக்கச் சொன்னதில்ல.

செந்தூர்வேல்: சாத்தான்குளத்துல பலசரக்குக் கடை வச்சிருக்கோம் அண்ணாச்சி. எம் பொஞ்சாதி வெண்டைக்காயைக்கூட நுனி ஒடிக்காம வாங்க மாட்டா.

முத்துச்செல்வி: நீங்க சும்மா இருங்க. அதுக்குள்ள உட்காந்தாச்சா?

செந்தூர்வேல்: உட்காந்து பாக்கத்தானே வந்தோம்ளா.

முத்துச்செல்வி: அடித்துணியை விலக்குங்க... ஆணியெல்லாம் துரு.

சங்கரபாண்டியன்: உப்புக்காத்துக்கா. இந்த ஊர்ல எம் பல்லே துரு பிடிச்சிருக்கு.

முத்துச்செல்வி: தேக்குன்னு சொன்னிய.

சங்கரபாண்டியன்: தேக்கு கலருன்னு சொன்னேன்.

முத்துச்செல்வி: மெத்தையை அமுக்குனா குழி அப்படியே கிடக்கு. வார ஞாயித்துக்கிழமை எங்க பிரியாவைப் பொண்ணு பாக்க வாராவ. கை நனைச்சாத்தான் சம்பந்தம் முடிவாகும். அவியளை இந்தக் குழியில உக்கார வச்சா சாப்பிடுவாவளா?

செந்தூர்வேல்: போன ஞாயித்துக்கிழமை நாங்க அவிய வீட்டைப் பாக்கப் போனோம் அண்ணாச்சி. அங்கன கிடந்த சோபா...

முத்துச்செல்வி: அதுல்லா சோபா. பூப்போட்ட விரிப்பு போட்டு மூடி வச்சிருந்தாவ. உட்காந்தா எந்திரிக்க மனசு வரல.

செந்தூர்வேல்: எந்திரிக்க முடியல. நான்தான் கை குடுத்துத் தூக்குனேன்.

முத்துச்செல்வி: இதெல்லாம் அதுக்குப் பக்கத்துல நிக்காது.

சங்கரபாண்டியன்: மாப்பிள்ளை வீடு... எந்தப் பக்கம்க்கா?

முத்துச்செல்வி: முத்தையாபுரம்.

சங்கரபாண்டியன்: ஓ... ஃபேனைப் போடட்டுமா?

செந்தூர்வேல்: ஏளா.

முத்துச்செல்வி: என்னங்க?

செந்தூர்வேல்: இந்த இடுக்குல ஒரு பேனா கிடக்கு.

முத்துச்செல்வி: அண்ணாச்சியோடதா இருக்கும். குடுத்துருங்க.

செந்தூர்வேல்: ‘செந்தூர்வேல் ஸ்டோர், சாத்தான்குளம்’னு போட்டிருக்கு. தீபாவளிக்கு நாம அடிச்சுக் குடுத்த பேனா. போன வாரம் அவிய வீட்டுல பிரியா நட்சத்திரத்தை எழுதிக் குடுத்துட்டுத் தேடுனேன்லா...

முத்துச்செல்வி: இங்க குடுங்க, பாப்போம்.

செந்தூர்வேல்: மையும் இருக்கு.

முத்துச்செல்வி: அண்ணாச்சி. போன ஞாயித்துக்கிழமை இந்தச் சோபா எங்க இருந்துச்சு?

சங்கரபாண்டியன்: வாடகைக்குப் போயிருந்துச்சுக்கா... முத்தையாபுரத்துக்கு. சனிக்கிழமை போச்சு, திங்கக்கிழமை வந்துட்டு. விரிப்பும் நம்மதுதான்.

செந்தூர்வேல்: பாத்தியா... வாடகைச் சோபாவை வச்சு நம்மளை ஏமாத்தியிருக்காவ.

முத்துச்செல்வி: சத்தம் போடாதிய.

செந்தூர்வேல்: இப்படிப்பட்டவிய வீட்டுல பிள்ளையைக் குடுக்கவா?

முத்துச்செல்வி: போட்டோவைப் பாத்தே பிள்ளைக்கு அந்தப் பையனைப் பிடிச்சுப்போச்சுங்க. நாலு நாளா மாவாட்டும்போதுகூடப் பாட்டு முணுமுணுக்கா. இந்தக் கட்டையை வச்சு அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல.

சங்கரபாண்டியன்: கோவிச்சுக்கிடாதியக்கா... நல்ல பையன்தான். சோபாவை ஒத்தையா வண்டியில ஏத்துனான். அதை விடுங்க, நீங்க வாங்குதியளா இல்லையா?

முத்துச்செல்வி: வாங்க வரல அண்ணாச்சி. எங்களுக்கும் ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்தான் வேணும்... இது வேண்டாம், வேற ஒண்ணு காட்டுங்க. வாரவியளுக்கு இது தெரிஞ்ச சோபா.