கிசப்பின் ஐந்தாவது ஜோடி வால்வு

நாரே: இது அஞ்சாவது ஜோடி ஆம்பிளிஃபயர் வால்வு, கிசப். அஞ்சு சனிக்கிழமை, அஞ்சு ஜோடி. இதுவும் சரியில்லேன்னா உன் காதைத்தான் மாத்தணும். இந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக் கட்டிடத்துல எல்லாம் கிடைக்கும், காது மட்டும் எந்த மாடியிலயும் கிடைக்காது.

கிசப்: சரியில்லேன்னு எங்க சொன்னேன்? சத்தம் சுத்தமா இல்லேன்னுதான்...

நாரே: எங்க சுத்தமா இல்ல?

கிசப்: ஓரத்துல. கொஞ்சம் கிழியுது.

நாரே: சத்தத்துக்கு ஓரம் எங்க இருக்கு?

கிசப்: பலமா அடிச்சா தெரியும்.

நாரே: நாலு வாரமா வால்வை மட்டும் சட்டைப் பையில போட்டுட்டு வந்தே. இன்னைக்கு என்ன, ஆம்பிளிஃபயரையே தூக்கிட்டு வந்திருக்கே?

கிசப்: நீயே கேட்டுப் பார்த்துச் சொல்லணும்னு.

நாரே: மூணு மாடி. லிஃப்ட் வேற ஓடல.

கிசப்: அதான் மூச்சு வாங்குது. வேற காரணம் எதுவும் இல்ல.

நாரே: நான் காரணம் கேக்கலியே... சரி, வால்வு சூடாயிருச்சு. கடை கிட்டாரை எடுத்துக்கோ. வாசி.

கிசப்: என்ன வாசிக்க?

நாரே: எதையாவது. காலேஜ் மியூசிக் கிளப்புல ரெண்டு வருஷமா ஒரே பாட்டைத்தானே வாசிச்சே. அதையே வாசி.

கிசப்: இந்தா, கேளு...

நாரே: நல்லா இருக்கே. தண்ணி மாதிரி இருக்கு.

கிசப்: சத்தத் திருகை எட்டுல வச்சுப் பாரு.

நாரே: நீ தங்கியிருக்கிற ரூம்ல எட்டுல வச்சு வாசிப்பியா?

கிசப்: ரெண்டுலதான். பக்கத்து ரூம்காரர் அரசாங்கத் தேர்வுக்குப் படிக்கிறார். ஏழாவது வருஷம். கதவுல மஞ்சள் சீட்டு ஒட்டுவார்.

நாரே: என்னன்னு?

கிசப்: 'இன்று வாசிப்பு மிகவும் தெளிவாக இருந்தது. இருந்தாலும் நிறுத்தவும்.'

நாரே: பாரு, அவருக்கே தெளிவா கேக்குது. நடுவுல சுவர் வேற.

கிசப்: பெரிய வால்வு போட்டா என்ன? அந்த மேல் அடுக்குல இருக்கே, சிக்ஸ்-எல்-சிக்ஸ். எவ்வளவு ஏத்தினாலும் கிழியாதாமே.

நாரே: கிழியாது. அதே குழியில உக்காரவும் செய்யும். ஆனா சின்னது கேக்குற கரண்டைப்போல ரெண்டு மடங்கு கேக்கும். உன் டிரான்ஸ்ஃபார்மர் இத்தனூண்டு. அரை மணி நேரத்துல அது மேல சக்கரவள்ளிக் கிழங்கு சுடலாம்.

கிசப்: அப்ப இதுதானா?

நாரே: இதுதான். சிக்ஸ்-வி-சிக்ஸ். சின்ன ரூம், சின்னப் பெட்டி, ரெண்டுல திருகு. இதுக்கு மேல சுத்தம் வேணும்னா ஆஸ்பத்திரிக்குப் போ.

கிசப்: டப்பா மேல பென்சில்ல என்ன எழுதியிருக்கே?

நாரே: ஒண்ணொண்ணும் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு. முப்பத்திரெண்டு, முப்பத்திரெண்டு. ரெண்டும் ஒரே மாதிரி இழுத்தாத்தான் ஜோடி. ஒண்ணு கூட, ஒண்ணு கம்மின்னா பின்னாடி ஒரு முனகல் கேக்கும்.

கிசப்: முப்பத்திரெண்டுக்கு முப்பத்தொண்ணு வந்தா?

நாரே: லேசா முனகும். பழகிடும்.

கிசப்: யாருக்கு?

நாரே: வாசிக்கிறவனுக்கு. வேற யாருக்கு... கிசப், ஒண்ணு சொல்லவா? நீ திருப்பிக் கொடுத்த நாலு ஜோடியையும் மீட்டர்ல போட்டுப் பார்த்தேன். நாலும் நல்லாத்தான் இருக்கு.

கிசப்: ...மீட்டர் பழசா இருக்கும்.

நாரே: என்னைவிடப் பழசு. பொய் சொல்ற வயசெல்லாம் தாண்டிருச்சு.

கிசப்: அப்புறம் ஏன் மாத்திக் கொடுத்தே?

நாரே: கடை எங்க சித்தப்பாவுது, அவரும் அதைத்தான் கேட்டார். இந்தப் பையனுக்குக் காதுல கோளாறா, வேற எங்கயாவதான்னு. காதுலதான்னு சொல்லி வச்சிருக்கேன்.

கிசப்: நன்றி.

நாரே: நன்றி அக்கான்னு சொல்லு. உன்னைவிட நாலு மாசம் மூத்தவ. கிளப்புல அத்தனை பேரும் அப்படித்தான் கூப்பிட்டாங்க. நீ ஒருத்தன்தான்...

கிசப்: வாயில வரல.

நாரே: ரெண்டு வருஷமாவா?

கிசப்: நாக்கு அமைப்பு அப்படி. டாக்டரே கையை விரிச்சுட்டார்.

நாரே: வேற எதுவும் வாயில வருதா, அதையாவது சொல்லு.

கிசப்: ...இந்த ஜோடியையே வச்சுக்கறேன்.

நாரே: ம். அதைச் சொல்ல இவ்வளவு நேரம்.

கிசப்: எத்தனை நாள் வரும்?

நாரே: தினம் ஒரு மணி நேரம் வாசிச்சா அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல.

கிசப்: வாசிக்காமலே கிடந்தா?

நாரே: வால்வுக்கு என்ன? கெட்டுப்போறதுக்கு அது என்ன மீனா?

கிசப்: உள்ளே கன்டென்சர் கெடும்னு சொல்வாங்களே. அப்பப்ப ஓட்டாம விட்டா.

நாரே: வருஷக்கணக்கா கிடந்தா கெடும்.

கிசப்: ஒரு வருஷம் ஆறு மாசம் கிடந்தா? ஒரு பேச்சுக்கு.

நாரே: ஒரு வருஷமும் இல்ல, ரெண்டு வருஷமும் இல்ல. ஒரு வருஷம் ஆறு மாசம்.

கிசப்: சும்மா வாயில வந்தது.

நாரே: இந்த நாட்டுல இருபத்தோரு வயசுப் பையன் வாயில அந்தக் கணக்கு சும்மா வராது. தொப்பியக் கழட்டு.

கிசப்: குளிருது.

நாரே: ஜூன் மாசத்துல?

கிசப்: எனக்கு எப்பவுமே தலை கொஞ்சம்...

நாரே: கழட்டுடா.

கிசப்: இந்தா. சிரிக்காதே.

நாரே: கிவிப் பழம் மாதிரி இருக்கே.

கிசப்: முடி வெட்டினவர் அம்சமா இருக்குன்னார்.

நாரே: கட்டாயப் பட்டாளத்துக்குப் போற எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்வார். எப்போ?

கிசப்: திங்கட்கிழமை. மதியம் ரெண்டு மணிக்கு நோன்சான் முகாம்ல இருக்கணும்.

நாரே: நாளை மறுநாள்.

கிசப்: ஆமா.

நாரே: கடுதாசி எப்போ வந்தது?

கிசப்: முத ஜோடி வாங்கினேனே, அந்த வாரம்.

நாரே: அஞ்சு வாரம் ஆச்சு, கிசப்.

கிசப்: அஞ்சு வாரமும் சொல்லத்தான் வந்தேன். ஒவ்வொரு தடவையும் நீ தலையை நிமித்தி, 'என்ன வேணும்'னு கேட்டே. வால்வுன்னு வந்துடுச்சு.

நாரே: அதுவும் வாயில வந்ததுதானா...

கிசப்: ஆம்பிளிஃபயரை இங்கயே விட்டுட்டுப் போகலாம்னு பார்த்தேன். மாசத்துக்கு ஒரு தடவை, ஒரு அரை மணி நேரம் போட்டு விட்டா போதும்.

நாரே: அவசியமில்ல.

கிசப்: கன்டென்சர்...

நாரே: பதினெட்டு மாசத்துல ஒண்ணும் ஆகாது.

கிசப்: கொஞ்சம்கூடவா?

நாரே: கொஞ்சம்கூட. உங்கம்மா வீட்டு அலமாரி மேல துணி சுத்தி வை. திரும்பி வந்து ஸ்விட்சைப் போடு. பாடும்.

கிசப்: ஜூலையில மழை பெய்யும். ஈரம்...

நாரே: தடிமனான துணியா சுத்தி வை.

கிசப்: எலி வந்தா?

நாரே: அஞ்சாவது மாடி ஃப்ளாட்டுக்கு எலி லிஃப்ட்ல வருமா? கிசப், நீ கேக்குறது இதை இல்ல.

கிசப்: ...நான் காத்திருக்கச் சொல்லல.

நாரே: சொல்லாதே. நான் ஒரு தடவை காத்திருந்து பார்த்துட்டேன். பட்டாளத்துக்குப் போனவனுக்காகக் காத்திருக்கிற பொண்ணுங்களுக்கு ரப்பர் செருப்புன்னு பேர் வச்சிருக்கானுங்க தெரியும்ல. எனக்கு அது நல்லாக் கடிச்சிருச்சு.

கிசப்: கிளப்புல அந்த சீனியரா?

நாரே: எட்டு மாசம் கடுதாசி. ஒன்பதாவது மாசம் லீவுல வந்து, கறுப்பு நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து, நீ ரொம்ப நல்ல பொண்ணுன்னார். பாதித் தட்டு அப்படியே இருக்கு. எனக்குப் பசி வேற.

கிசப்: சாப்பிட்டியா?

நாரே: சாப்பிட்டேன். அழுதுகிட்டே ரெண்டாவது முள்ளங்கி ஊறுகாயும் கேட்டு வாங்கினேன். அதனால சொல்றேன்... பதினெட்டு மாசத்துக்கு யாருக்கும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கிசப்: தெரியும். அதனாலதான் கேக்கத் தைரியம் வரல. ஆம்பை விட்டுட்டுப் போனா, மாசம் ஒரு தடவை அதைப் போடும்போது ஒரு அரை மணி நேரமாவது என் ஞாபகம்... அப்ப இரைச்சல் இல்லாம இருக்கணும்னு பார்த்தேன். அவ்வளவுதான். சரி. கிளம்பறேன்.

நாரே: இவ்வளவு சீக்கிரமா 'சரி'ன்னு சொல்லாதே.

கிசப்: ரயில்ல கூட்டம் வந்துடும். பெட்டிக்கு இடம் இருக்காது... உடம்பைப் பார்த்துக்கோ நாரே. பத்தவைக்கிற சூட்டுக்கோல்ல கையை வைக்காதே.

நாரே: நீயும். துப்பாக்கிக்கு முன்னாடி நிக்காதே.

கிசப்: பின்னாடிதான் நிக்கச் சொல்வாங்கன்னு நினைக்கிறேன்... நாரே, கதவுல இது என்ன?

நாரே: எது?

கிசப்: சீட்டு ஒட்டியிருக்கு. திங்கட்கிழமை கடை விடுமுறைன்னு. வரும்போது பெட்டி முகத்தை மறைச்சது, பார்க்கல.

நாரே: ஆமா, விடுமுறை.

கிசப்: சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?

நாரே: நல்லா இருக்கார். மீன் பிடிக்கப் போயிருக்கார்.

கிசப்: பண்டிகையும் எதுவும் இல்லையே...

நாரே: இல்ல.

கிசப்: பசை காஞ்சிருக்கு. இன்னைக்கு ஒட்டினது இல்ல.

நாரே: புதன்கிழமை ஒட்டினேன்.

கிசப்: புதன்கிழமையே... அப்ப உனக்கு... யார் சொன்னா?

நாரே: உங்கம்மா. உன் ரூமுக்கு வந்தப்ப வால்வு டப்பாவுல கடை விலாசம் பார்த்துட்டு, மூணு மாடி ஏறி வந்து, நீ இப்ப உக்காந்த இடத்துலயே உக்காந்து அழுதாங்க. நீயா வாயைத் திறக்கிற வரைக்கும் காட்டிக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. ரெண்டு மணி நேரம் உயிரை எடுத்துட்டே. பதினெட்டு மாசம் எனக்குத் தெரியாது கிசப், முகாம் வாசல் வரைக்கும் வர்றேன். திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல நிப்பேன், உங்கப்பாகிட்ட சொல்லு. கார்ல பின் சீட்டுல ஜன்னல் பக்கம் எனக்கு.