நான் செய்த தொட்டி விரியவில்லை

தக்காளிச் செடியை இறுக்கிக் கட்டக் கூடாது சார். பழைய பனியனை நாடாவாகக் கிழித்து, கம்புக்கும் தண்டுக்கும் நடுவே எட்டுப் போல முறுக்கித் தளர்வாகக் கட்ட வேண்டும். காற்றில் செடி ஆடலாம், ஆனால் சாயக் கூடாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நேற்றைய பேப்பரில் 'தரமற்ற தோட்டத் தொட்டி உடைந்து கும்மிடிப்பூண்டி அருகே தம்பதி பலி' என்று போட்டிருக்கிறார்கள். நானாக போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காகத்தான். தம்பதி பலி என்பது சரி. தரமற்ற தொட்டி என்பது பொய்.

முப்பது வருஷம் சிப்காட்டில் ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் இருந்தவன் நான். கடைசிப் பத்து வருஷம் வெல்டிங்கைத் தட்டிப் பார்த்து பாஸ், ரிஜெக்ட் போடுகிற வேலை. ஜெயராஜ் பாஸ் போட்டால் யாரும் மறுபடி தட்டிப் பார்க்க மாட்டார்கள். அந்தக் கையால் செய்த தொட்டி அது. நாலு மூலைக்கும் இரும்பு ஆங்கிள், பக்கத்துக்குச் சரக்கு அடுக்குகிற பேலட் பலகை, நடுவில் வயிறு தள்ளாமல் இருக்கக் குறுக்குக் கம்பி. மூன்று தொட்டிகள்.

வீடு எங்கள் இரண்டு பேருக்கும் பொது. கீழே அண்ணன் மோசஸும் அண்ணி சாராளும். மாடியில் நான். என் வாசலைத் திறந்தால் போர்டிகோவின் மேல்தளம். அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு அண்ணன் தெருவுக்கே யோசனை சொல்லுவார். தாராள மனசு அவருக்கு. கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

அந்த போர்டிகோவுக்குத் தூண் கிடையாது. தூண் வைத்தால் கார் திரும்பாது என்றார் அண்ணன். அந்தக் காரை அவர் கடைசி வரை வாங்கவில்லை. ஆறடிக்குச் சுவரிலிருந்து வெறுமனே நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படி அந்தரத்தில் நிற்கிற தளத்துக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும் சார். பாரம் ஏறினால் மேல்பக்கம்தான் பிளக்கும். கொத்தனார் குணா சரியாகத்தான் மேலே கட்டியிருந்தார். கான்கிரீட் போடுகிற அன்று அண்ணன் வந்து நின்றார்.

"இன்னாபா குணா, கம்பிய மேல வெச்சிகினு கீறே? அடில இருந்தாத்தான தாங்கும். எறக்கு கீழ."

நான் குறுக்கே பேசினேன். மொத்த ஆட்களுக்கும் முன்னால் அண்ணன் சிரித்தார். "நீ கம்பெனில பாஸ் போடறதோட நிறுத்திக்க நைனா. ஊட்டு விசயத்துல மூக்க நொழைக்காத."

நான் மூக்கை எடுத்துக்கொண்டேன். குணா கம்பியைக் கீழே இறக்கினார். பன்னிரண்டு வருஷம் அது நின்றது. மேலே ஒன்றும் இல்லாத வரைக்கும் எதுவும் நிற்கும்.

என் மனைவி அருணாவுக்காக இதைச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அவளுக்கு டெங்கு வந்தபோது, "பிளேட்லெட்டுக்குப் போயி ஆஸ்பத்திரியா? பப்பாளி எல ஜூஸ் குடு, தானா ஏறும்" என்றார் அண்ணன். நாலு நாள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில், ஏன் இவ்வளவு லேட் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். நான் அண்ணன் பேச்சைத் தட்டாதவன், அவ்வளவுதான். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அடக்கம் முடிந்த மறு வாரம்தான் தோட்டம் போடலாம் என்று தோன்றியது.

மாடித் தோட்டத்துக்குத் தேங்காய் நார்க்கழிவு போடுவார்கள். லேசாக இருக்கும். நான் செம்மண்ணும் ஏரிக் களிமண்ணும் போட்டேன். தொட்டிகளைச் சுவரோரம் வைக்காமல் வெளி விளிம்பில் வைத்தேன். விளிம்பில்தான் வெயில் நன்றாக விழும். முதலில் ஓரடி உயரம்தான் மண். அண்ணன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாடா இது, இட்லித் தட்டு மாறி? ரெண்டடி மண்ணு போடு. இந்த போர்டிகோ மேல லாரிய நிறுத்தலாம், தெரியுமா?"

சொன்னால் கேட்டுக்கொள்கிற தம்பி நான். இரண்டடி போட்டேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். எங்கள் வீட்டில் யானைக்குத் தும்பிக்கை வலிக்கக் கூடாதென்று நான் வாரிப் போட்டேன்.

தோட்டம் நன்றாகவே வந்தது. தக்காளிக்குக் கம்பு, பாகலுக்குக் கம்பி வளைத்துப் பந்தல். புடலங்காய் சுருண்டு வளர்ந்தால் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். நேராகிவிடும். பாரம் வைத்தால் நேராகிற விஷயங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. முதல் காய்ப்பை அண்ணிக்குத்தான் கொடுத்தேன்.

அண்ணி நல்லவர். அருணா போனபிறகு எனக்கு மூன்று வேளையும் சாப்பாடு அவர்தான். தினமும் நாலு மணிக்கு அண்ணனுக்கு ஒரு டம்ளர் டீ, எனக்கு ஒரு டம்ளர். மாடிப்படி ஏற அவருக்கு முட்டி வலி. அதனால் போர்டிகோவுக்குக் கீழே நின்று குரல் கொடுப்பார்.

புரட்டாசியில் என் வாசலை ஒட்டித் தளத்தில் ஒரு கோடு விழுந்தது. பத்து நாளில் அதில் ஐந்து ரூபாய்க் காசு நுழைந்தது. துணி காயப்போட மொட்டைமாடிக்கு மெல்ல ஏறிய அண்ணி வழியில் அதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இது இன்னா விரிசலு மாறி கீது?"

"சுண்ணாம்பு வெடிச்சிருக்கு அண்ணி. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். சிமெண்ட் பால் பூசி, மேலே பெயிண்டும் அடித்தேன். வீணாகப் பயப்படுவாரே என்றுதான்.

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. முதல் நாளே தொட்டிகளின் வடிகால் துளைகளில் துணியை அடைத்துவிட்டேன். ஈரக் களிமண் என்ன எடை இருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை மணிக்கு என்று மட்டும் தெரியாது. நேரம் குறித்தது மழை, நான் இல்லை. அதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் நாலு மணி. அண்ணன் கீழே யாருக்கோ போனில் சர்க்கரை வியாதிக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாசல் உள்பக்கம் நின்றிருந்தேன். என் கால் முன்னால் பெயிண்ட் பிளந்தது. தொட்டிகள் தெருப்பக்கமாகத் தலையைச் சாய்த்தன. அப்போது அண்ணி குரல் கேட்டது.

"தம்பி, டீ ஆறிப்போது, எறங்கி வா."

"வரேன் அண்ணி" என்றேன்.

தள்ளிப் போங்கள் என்று சொல்ல நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. மூன்று முறை சொல்லுகிற அளவுக்கு இருந்தது. ஆனால் சத்தமாகச் சொன்னால் அது அண்ணன் காதிலும் விழுமே சார். அன்றைக்கென்று என் யோசனையை அவர் கேட்டுவிட்டால்?

தளம் விழுந்ததும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். நசுங்கிய டம்ளர் இரண்டு கிடந்தன. என்னுடையது எது என்று தெரியவில்லை. அதற்காக அழுதேன், மறைக்கவில்லை. தொட்டி மூன்றும் அப்படியே முழுசாகக் கிடந்தன. ஒரு மூலை விரியவில்லை, ஒரு வெல்டிங் விடவில்லை. ஒரு தக்காளிச் செடி கம்போடு நிமிர்ந்து நின்றது. இன்னும் அள்ளாமல் இருந்தால் போய்ப் பாருங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். அண்ணனைக் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். அண்ணி விஷயம் வேறு. தூண் வேண்டாம் என்றதும் கம்பியைக் கீழே இறக்கச் சொன்னதும் யார்? அதை நீங்கள் அண்ணனைத்தான் கேட்க வேண்டும்.