இரவல் கை

— மோதிரம் வரமாட்டேங்குது தம்பி.

— இழுங்க அண்ணே, நர்சம்மா வர்ற நேரமாச்சு!

— இழுத்தா விரலும் சேர்ந்து வந்துடும். கல்யாணத்தன்னைக்கு மாட்டினது. அன்னைக்கு நான் ஒல்லி.

— கொடுங்க இப்படி. பூட்டுல சாவி சிக்கினா பலம் காட்டக் கூடாது. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம், செல்லம் கொஞ்சுற மாதிரி... இந்தா, வந்துடுச்சு!

— அடேங்கப்பா! நீ நிஜமாவே திருடன்தான்டா.

— பூட்டு ரிப்பேர்காரன் அண்ணே. மேல் மாடியில கோர்ட்டுல வந்து இப்படிச் சொல்லி வைக்காதீங்க, தலையில மண்ணைப் போட்ட மாதிரி ஆயிடும்.

— சரி, வாட்சைக் கழட்டியாச்சு, யூனிஃபார்ம் கையைச் சுருட்டியாச்சு. இனி?

— நர்சம்மா வந்து கேட்டதும் கதவுல இருக்கிற அந்த ஓட்டை வழியா நீங்க கையை நீட்டணும். பேச்சு என்னுது, கை உங்களுது.

— ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கேடா. ரூல்ஸ்னா ரூல்ஸ்.

— ரூல்ஸ்படிதானே செய்றோம்! சோதனை பண்ணும்போது லாக்கப் கதவு பூட்டியிருக்கணும், கார்டு கைதியோட உள்ளே இருக்கணும், கை மட்டும் ஓட்டை வழியா வெளியே போகணும். யார் கைன்னு எங்கயாவது சொல்லியிருக்கா?

— இல்லதான்... எவனோ ஒருத்தன் நர்சம்மா கழுத்துல கிடந்த ஸ்டெதஸ்கோப்பையே சுருட்டிட்டான்னு போட்ட ரூல்ஸ்டா அது. இத்தனை வருஷமா இங்க கார்டா இருக்கேன், அதுல இப்படி ஒரு சந்து இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே.

— சந்து இருக்கான்னு பார்க்கிறதுதான் அண்ணே என் தொழில்.

— ஆனா ஒண்ணு கேட்கிறேன். பிரஷர் பார்க்கிறதுக்கு எதுக்குடா இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு?

— அதான் என் வியாதியே! ரெண்டு வாய்தா இதாலயே தள்ளிப் போச்சு. பிரஷர் பட்டையைக் கையில சுத்தினா போதும், எனக்கு எகிறிடும். ‘இந்த நிலைமையில ஜட்ஜ் முன்னாடி நிறுத்த முடியாது’ன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவாங்க. அங்க படுத்ததும் இறங்கிடும். பிரஷர் ஏன் ஏறுது? கேஸ் தள்ளிப் போயிடுமேன்னு பயம். கேஸ் ஏன் தள்ளிப் போகுது? பிரஷர் ஏறுது.

— ரொம்ப வசதியான வியாதிதான்.

— இன்னைக்கு விட்டா போச்சு அண்ணே. திருட்டுப் போன வீட்டுக்காரம்மா மேல வந்து உக்காந்திருக்காங்க. ‘என் வீடுதான், சாவியைத் தொலைச்சிட்டேன்’னு ஒருத்தன் சொன்னான், நான் நம்பித் திறந்து விட்டேன், அவன் வழிச்சு வாரிக்கிட்டுப் போயிட்டான். ‘பூட்டுக்காரரும் என்னை மாதிரி ஏமாந்தவர்தான்’னு ஜட்ஜ்கிட்ட சொல்றதுக்குன்னே வந்திருக்காங்க. நாளைக்கு வெளிநாடு போயிட்டா அப்புறம் எப்ப வருவாங்களோ!

— ம்ம்.

— பக்கத்துலயே என் சம்சாரம், மடியில பொண்ணு. நான் உள்ளே வந்த பிறகு பொறந்தவ. இன்னும் முகத்தைக் கூடப் பார்க்கல. மூக்கு அப்படியே என்னோடதுன்னு சொல்றாங்க. பாவம், என்ன பண்ணுவா.

— கண்ணைத் துடைடா. இந்தக் கையைப் பாரு. இரும்பு! சர்வீஸ்ல சேர்ந்த நாள்லேருந்து ஒரு மாத்திரை விழுங்கினதில்ல.

— பிரஷர் பார்த்திருக்கீங்களா?

— எனக்கா? எனக்கு எதுக்குடா? ஸ்ஸ்... செருப்புச் சத்தம். வந்துட்டாங்க.

— பூட்டுக்காரரே, நர்ஸ் வந்திருக்கேன். உடம்பு எப்படி ராஜா இருக்கு?

— அமோகமா இருக்கேன் சிஸ்டர்!

— இந்த இடத்துல நான் கேட்டிராத பதிலா இருக்கே. அடுத்த அறையில ஒருத்தர் வலது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஹார்ட் அட்டாக்குன்னு உருள்றார். அதுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் மயக்கம். மயக்கத்துலயே பிஸ்கட் கேட்கிறார். ஊரே ஆஸ்பத்திரிக்குப் போகத் துடிக்குது, நீங்க மட்டும் அமோகமா? கார்டு உள்ளே இருக்காரா?

— இருக்கேன், இருக்கேன். ரூல்ஸ்னா ரூல்ஸ்.

— கையை நீட்டுங்க ராஜா. அட, போன தடவைக்கு இந்தக் கை நல்லாப் பூசினாப்புல இருக்கே!

— ஜெயில்ல நல்லாக் கவனிக்கிறாங்க சிஸ்டர்.

— முடி வேற மொசமொசன்னு வளர்ந்திருக்கு.

— கவலைதான் சிஸ்டர்.

— கவலையில முடி கொட்டித்தான் பார்த்திருக்கேன்.

— அது தலையில சிஸ்டர்.

— சரி, வாயை மூடுங்க. பட்டையைச் சுத்துறேன்.

— அண்ணே, நெளியாதீங்க!

— கூசுதுடா...

— உள்ளே என்ன குசுகுசுன்னு?

— கார்டு அண்ணன் ஆறுதல் சொல்றார் சிஸ்டர்.

— ரெண்டு பேரும் பேசாதீங்க. காத்து ஏத்துறேன்... இருங்க. இது சரியில்லையே. மறுபடி பார்க்கிறேன்.

— நல்லா வந்திருக்கா சிஸ்டர்? மேல போகலாமா?

— இருநூத்தி இருபது, நூத்தி முப்பது.

— அவ்வளவு வந்திருக்கா! பிரமாதம்!

— இது பரீட்சை மார்க் இல்ல ராஜா! உங்களுக்கு எப்பவும் ஏறும்தான், ஆனா இப்படி ஏறி நான் பார்த்ததில்ல. தலை வலிக்குதா?

— இல்லவே இல்ல.

— வலிக்குதுடா. காலையிலேருந்து மண்டையைப் பிளக்குது.

— அண்ணே, சும்மா இருங்க!

— யார் பேசுறது உள்ளே?

— நான்தான் சிஸ்டர். கொஞ்சமா... வலிக்குது.

— கண்ணு மங்கலா இருக்கா?

— தம்பி, மேல எதுக்குடா ரெண்டு பல்பு போட்டிருக்கான்?

— ஒண்ணுதான் அண்ணே இருக்கு... ஐயோ.

— பூட்டுக்காரரே, பதிலைக் காணோம். சரி, இன்னைக்குக் கேஸ் கிடையாது. ஆம்புலன்ஸுக்குப் போன் போடுறேன்.

— டேய், மெதுவாக் கேளு. சரின்னு சொல்லிடு. உனக்குக் காவலா நானும் வண்டியில வருவேன்ல? அங்க ஒரு மாத்திரை வாங்கி வாயில போட்டுக்கிறேன்.

— நல்ல கதையா இருக்கே! வண்டியில படுத்துட்டு வர்றது நான், பக்கத்துல நிமிர்ந்து உக்காந்துட்டு வர்றது நீங்க. வழியில சாய்ஞ்சுட்டா?

— சாய மாட்டேன். இரும்புடா நான். நீ வாயைத் திறந்தேன்னா என் வேலை போயிடும். ரிட்டயர் ஆகிற வயசுல என்னை நடுத்தெருவுல நிறுத்திடாதே.

— கை சில்லுன்னு ஆயிடுச்சே அண்ணே உங்களுக்கு.

— ஓட்டையில காத்தடிக்குது.

— சொல்லாட்டி உங்க உயிர் போகும், சொன்னா உங்க வேலை போகும், ரெண்டுலயும் என் கேஸ் போகும். எப்படித் திருப்பினாலும் திறக்க மாட்டேங்குதே இந்தப் பூட்டு! சிஸ்டர்!

— என்ன ராஜா?

— அது என் கை இல்ல.

— எது?

— நீங்க பிடிச்சிருக்கிற கை. கார்டு அண்ணனோடது. அவர் மேல தப்பே இல்ல, நான்தான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். அவருக்குக் கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுது சிஸ்டர், சீக்கிரம் வாங்க!

— அடப்பாவிங்களா! கதவைத் திறங்க!

— அவர் கைதான் உங்ககிட்ட இருக்கே, எப்படித் திறப்பார்?

— விட்டுட்டேன், திறங்க!

— சாவி இந்தா இருக்கு... ஆனா எந்தத் துவாரத்துலடா போடறது? ரெண்டு இருக்கே...

— கொடுங்க அண்ணே, நான் போடுறேன்.

— கடவுளே, கார்டு உக்காந்திருக்கார், கைதி வந்து கதவைத் திறந்து ‘வாங்க’ன்னு கூப்பிடுறார்! இந்தக் கண்றாவியை யார்கிட்ட போய்ச் சொல்ல?

— அப்புறமாத் திட்டுங்க சிஸ்டர், முதல்ல அண்ணனைப் பாருங்க.

— அவர் பின்னாடி உக்காந்து நெஞ்சோட சாய்ச்சுக்கோங்க. காலரைத் தளர்த்துங்க. கார்டண்ணே, என்னைப் பார்த்துச் சிரிங்க.

— வேலை போச்சு, எதுக்கும்மா சிரிக்கணும்?

— வாய் கோணுதான்னு பார்க்கத்தான். சிரிங்க!

— ஈ...

— அழகா இருக்கு, நேரா இருக்கு. கையைத் தூக்குங்க. ரெண்டையும். சரி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு, டாக்டர் தயாரா இருப்பார். வேலையைப் பத்திக் கவலைப்படாதீங்க. டூட்டியில இருந்த கார்டுக்கு உடம்புக்கு முடியலைன்னுதான் எழுதுவேன். மத்ததை உங்க வீட்டம்மாகிட்ட நீங்களே சொல்லி வாங்கிக் கட்டிக்கோங்க.

— பிழைச்சுக்குவாரா சிஸ்டர்?

— நல்ல வேளை இன்னைக்குத் தெரிஞ்சுது. இரும்பு, இரும்புன்னு இன்னும் கொஞ்ச நாள் திரிஞ்சிருந்தார்னா... நினைச்சா எனக்கே பயமா இருக்கு.

— கேட்டீங்களா அண்ணே? மூச்சை மெதுவா இழுங்க. இப்ப விடுங்க. என்மேல நல்லாச் சாய்ஞ்சுக்கோங்க.

— தம்பி... உன் கேஸு...

— கிடக்கட்டும் விடுங்க. பொண்ணு எங்க ஓடிடப் போறா, அவளுக்கு இன்னும் உக்காரவே வராது. இழுங்க... விடுங்க...

— பூட்டுக்காரரே, அந்தக் கையை மட்டும் இப்படி வைங்க. அசையாதீங்க.

— சிஸ்டர், கையை என்னமோ இறுக்குதே.

— அண்ணன்தான் பயத்துல பிடிச்சிருக்கார். பேசாம அவரைக் கவனிங்க.

— பிடிச்சுக்கோங்க அண்ணே, எவ்வளவு வேணும்னாலும் இறுக்கிக்கோங்க. நான் இருக்கேன்ல? இழுங்க... விடுங்க... அப்படித்தான்...

— நூத்தி இருபத்தெட்டு, எண்பது.

— அண்ணே! இறங்கிடுச்சு! கேட்டுச்சா உங்களுக்கு? குழந்தை மாதிரி இருக்கு உங்க பிரஷர்! சிஸ்டர், நீங்க தெய்வம்! அண்ணே, ஒருவாட்டி சிரிங்க, பொழச்சுட்டோம்!

— குதிக்காதீங்க பூட்டுக்காரரே, பட்டை உங்க கையிலதான் இருக்கு. அதைக் கழட்டிக் கொடுத்துட்டு மேல போங்க, உங்க கேஸைக் கூப்பிடுறாங்க.