பத்தாயத்துப் பூட்டு

ரெத்தினம்: …அதான் கேக்குறேன். நேத்து மன்னார்குடியில டீச்சர் மீட்டிங்குன்னு போனியே மருமவளே, மூஞ்சியில ரோஸ் பவுடர் அப்பிவிட்டுத்தான் மீட்டிங் நடத்துறாங்களா?

பூர்ணிமா: அது வேர்வைக்குப் போட்டது மாமா. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க, என் பஸ்ஸு போயிடப்போவுது.

ரெத்தினம்: காதோரம் இன்னும் இருக்கு. கண்ணாடியில தெரியுது.

பூர்ணிமா: …இப்ப?

ரெத்தினம்: போச்சு, போச்சு. அது கெடக்கட்டும். நேத்து அங்க ஏதோ நாடகமாமே. நம்ம பக்கத்து வீட்டு கலந்தர் பாய் பாத்துட்டு வந்து சொன்னாரு.

பூர்ணிமா: அப்… அப்படியா. என்ன நாடகமாம்?

ரெத்தினம்: குடும்ப நாடகந்தான். மேடை நடுவுல ஒரு நெல்லுப் பத்தாயம். மாமனாரு அதப் பூட்டி, சாவிய இடுப்புல செருகிக்கிட்டுத் திரியுறாராம். எவரையும் கிட்ட விடமாட்டாராம்.

பூர்ணிமா: சரியான கஞ்சர்னு சொல்லியிருப்பாரே கலந்தர்…

ரெத்தினம்: நானும் அப்படித்தான் நெனச்சேன்.

பூர்ணிமா: நீங்களா?

ரெத்தினம்: கலந்தர் நெனச்சாரு. குறுக்க பேசாத. அந்த மாமியார் வெள்ளிக்கிழமையானா பூட்டுக்குப் பொட்டு வச்சுக் கும்புடுறா. அவளுக்கு அது சாமி. அவருக்கு அது மானம். ஒரே பூட்டு… எப்படி வச்சிருக்கா பாரு எழுதுனவ.

பூர்ணிமா: எழுதுனது பொம்பளன்னும் கலந்தரே சொன்னாரா?

ரெத்தினம்: கேளேன். அவரு காய்ச்சல்ல கெடக்குறப்ப மருமவ சாவிய எடுத்துத் தொறக்குறா. உள்ள ஒரு மணி நெல்லு இல்ல. நெலம் கைய விட்டுப் போயி எத்தனையோ காலமாச்சு. அத வெளியில சொல்லமுடியாமத்தான் அந்தப் பூட்டு. அவ சத்தங்காட்டாம மூடிட்டு, ‘அத்தை, நெறைய இருக்கு’ங்குறா. கெழவன் போர்வைய மூஞ்சிக்கு மேல இழுத்துக்குறான்… அந்த எடத்துல தாங்கல எனக்கு. அழுதுட்டேன்.

பூர்ணிமா: …கலந்தர் பாய் அழல?

ரெத்தினம்: அவரு எங்க வந்தாரு. நாந்தான், கடைசி வரிசையில தூணோரமா இருந்தேன். சொஸைட்டி கூட்டம்னு உங்க அத்தைக்கிட்ட ஒரு பொய்ய சொல்லிட்டு வந்தேன்.

பூர்ணிமா: நானும் பொய்தான் சொன்னேன் மாமா. வேணாம்னுடுவீங்களோன்னு பயம். அடுத்த வாரம் தஞ்சாவூருல போடக் கூப்புட்டிருக்காங்க. உங்களுக்கு இஷ்டமில்லன்னா இதோட விட்டுடுறேன்.

ரெத்தினம்: விடுறதா? நீ பூட்டுல கை வச்சப்ப அம்புட்டு சனமும் மூச்சு விடல. நல்லா எழுதியிருக்கம்மா. நடிப்பு அதுக்கு மேல. ஆனா ஒண்ணு, ஊருல என்னையத்தான் எழுதியிருக்கன்னு பேசுவாங்க.

பூர்ணிமா: எப்படிப் பேசுவாங்க? சாவிய இடுப்புல செருகுறது மட்டுந்தான் உங்களப் பாத்து எழுதுனது. மத்ததெல்லாம் நானா கட்டுனது, சத்தியமா. நம்ம பத்தாயத்துலதான் நெல்லு கெடக்கே. நாங்க எந்திரிக்குறதுக்குள்ள அள்ளிக்கிட்டு மில்லுக்குப் போயி அரிசியா கொண்டாந்துடுறீங்க… மாமா? ஏன் வண்டிய நிறுத்திட்டீங்க? கோவமா?

ரெத்தினம்: மேடையில தொங்குனது சைக்கிள் பூட்டு. பத்தாயத்துக்கு அது எடுப்பாவே இல்ல. தஞ்சாவூர்க்காரன் சிரிப்பான். இந்தா சாவி. நம்ம வீட்டுப் பித்தளப் பூட்டையே கழட்டிக்கிட்டுப் போ.

பூர்ணிமா: ஐயோ, வேணாம் மாமா. அப்பறம் நம்ம நெல்லுக்குப் பூட்டு?

ரெத்தினம்: எந்த நெல்லும்மா? மில்லுல அரைச்சதுன்னு நான் கொண்டாறதெல்லாம் கடையில வாங்குற அரிசி… உங்க அத்தைக்கு மட்டும் தெரியவேணாம்.