டிரிம் போடச் சொன்னவர்

என் பெயரும் வீட்டு முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி. வயது நாற்பத்தொன்று. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள வணிக வளாகத்தில், மாடிப்படிக்குக் கீழே, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வளாகத்தில் என்னை ஸ்க்ரூ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தச் சம்பவத்தில் கையில் காயம்பட்டவள் நான். போலீஸ் நிலையத்தில் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

இறந்துபோன வானொலி அறிவிப்பாளர் என் வாடிக்கையாளர். அவர் மனைவியையும் எனக்குத் தெரியும். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். சென்ற மழைக்காலத்தில் அறிவிப்பாளர் தம்முடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். அதை ஆன் செய்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் அது கண் விழித்திருக்காது என்றார். அப்போதே அவர் தொண்டையில் கட்டி இருந்தது. குரல் உடைந்து பாதி காற்றாக வந்தது. ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடும், செய்யாவிட்டால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர்கள் சொல்லியிருப்பதை, யாருக்கோ நடப்பதுபோல் சொன்னார். அதற்குள் தம் நான்கு வயது மகளுக்குக் கதைகளையும், அவள் பெரியவளானதும் கேட்க வேண்டிய சில பேச்சுகளையும் பதிவு செய்துவைக்கப் போவதாகவும், அதனால் லேப்டாப் சுறுசுறுப்பாக வேண்டும் என்றும் கேட்டார்.

அதன் பிறகு நான் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. டிரைவ் போட்டேன். அது லேப்டாப் கம்பெனியின் சொந்த டிரைவ் அல்ல, வெளிக் கம்பெனியுடையது. சொந்த டிரைவில் டிரிம் என்ற வசதி தானாக வேலை செய்யும். வெளி டிரைவுக்கு நாமாகப் போட்டால்தான் உண்டு. போடும்போது, தகவல் அழிய வாய்ப்பு உண்டு, பொறுப்பு உங்களுடையது என்று ஓர் எச்சரிக்கை வரும். அதனால் எப்போதும் உரியவரைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன்.

அவருக்கு நான் விளக்கியது இவ்வளவுதான். டிரிம் இல்லாமல் ஒரு ஃபைலை அழிப்பது, குடியிருந்தவர் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போவதுபோல. சாமான் எல்லாம் உள்ளேயே கிடக்கும், புது ஆள் வரும்போதுதான் அள்ளிப் போட வேண்டும், அதனால் டிரைவ் போகப்போக மெதுவாகும். டிரிம் போட்டால் காலியான இடத்தை டிரைவ் தானே கூட்டிப் பெருக்கிவிடும், வேகம் குறையாது. ஆனால் தவறி அழித்துவிட்டால் என்னைப் போன்றவர்கள் தோண்டி எடுக்க உள்ளே எதுவும் மிஞ்சாது.

"உங்களுக்கு வேண்டாம் தம்பி. பாப்பாவுக்காகப் பண்றீங்க. கை தவறி அழிச்சுட்டா என்னால எடுத்துத் தர முடியணும். கொஞ்சம் மெதுவாப் போனாப் போகட்டும்" என்றேன்.

அழித்ததை யாராலும் எடுக்க முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன்.

"அப்பப் போடுங்கக்கா. ரேடியோவுல தப்பாப் பேசினாக் காத்தோட போயிடும். இதுல எல்லாம் நிக்குமேன்னு பயமா இருக்கு" என்றார்.

எச்சரிக்கை வந்ததும் லேப்டாப்பைத் தம் பக்கம் திருப்பி, சம்மதம் என்பதை அவரே தட்டினார். பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொன்னேன். தலையாட்டினார்.

அதன் பிறகு ஆபரேஷனுக்கு முந்தின வாரம் மீண்டும் வந்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகவும், எடுக்க முடிகிறதா என்று பார்க்கும்படியும் சொன்னார். கை தவறிவிட்டது என்று நினைத்து எனக்குத் தெரிந்த எல்லா மென்பொருளையும் ஓட்டினேன். ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நிமிர்ந்தால், அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"ஒரு கதையப் போட்டுக் காட்டினேன்கா. என் மடியிலதான் இருந்தா. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, அப்பா, அந்த மாமாவ நிறுத்தச் சொல்லு, பயமா இருக்குன்னு என் கழுத்தக் கட்டிக்கிட்டா."

நான் லேப்டாப்பை மூடினேன்.

"இந்தக் குரல்தான் அவளுக்கு நிக்கும்னா எதுவும் நிக்க வேணாம். வீட்டுல சொல்லிடாதீங்க. தானாப் போச்சுன்னு இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். போகும்போது வாசலில் இருந்த என் செருப்பைத் தெரியாமல் மிதித்துவிட்டு, திரும்பி மன்னிப்புக் கேட்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கண் திறக்கவில்லை.

அதன் பிறகு இன்று காலை அவர் மனைவி லேப்டாப்பைத் தலையணை உறைக்குள் வைத்து எடுத்துவந்தார். பாப்பாவுக்கு என்று பெயரிட்ட ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்றார். வானொலி நிலையத்தில் விசாரித்ததாகவும், அவர் பேசியதெல்லாம் நேரலை, எதையும் எடுத்துவைக்கவில்லை என்று கூறிவிட்டதாகவும் சொன்னார். கிடைக்காது என்று தெரிந்தும் நான் மறுபடி ஓட்டிக் காட்டினேன். அவர் உட்காராமல் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டார். டிரிம் போட்டிருப்பதால் என்றேன். போடாமல் இருந்திருந்தால் வந்திருக்குமா என்றார். வந்திருக்கலாம் என்றேன். யார் போட்டது என்றார். நான்தான் என்றேன்.

"பத்திரமா இருக்கணும்னுதானேக்கா உங்ககிட்டக் குடுத்தோம்" என்று சொல்லி, லேப்டாப்பைத் தூக்கி மேசைக் கண்ணாடி மேல் போட்டார். கண்ணாடி உடைந்து, அங்கிருந்த என் உள்ளங்கையில் வெட்டியது. உடனே அவரே அந்தத் தலையணை உறையால் என் கையைச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்துக் கடைச் சாவிக்காரர் ரத்தத்தைப் பார்த்துப் பதறி உங்களுக்குப் போன் செய்துவிட்டார். அவருக்கு எந்தப் பூட்டையும் திறக்கத் தெரியும், வாயைப் பூட்டத்தான் தெரியாது. அவர் சொன்னதுபோல் அந்த அம்மா என்னைத் தாக்கவில்லை.

இதுவரை சொன்னபோது, வழக்கானால் இந்தத் தாளின் நகல் அவருக்கும் போகும் என்று அதிகாரி தெரிவித்தார். காகிதத்தில் படித்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். என் வேண்டுகோளின்படி எழுதுவது நிறுத்திவைக்கப்பட்டது. நான் வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி வந்து மேலும் சொல்வதாவது:

அவர் கோபப்படவில்லை. தம் கணவர் அழித்தார் என்பதற்கு மறுப்பும் சொல்லவில்லை.

"பாப்பாவுக்கு வேணாம்னா எனக்கு வெச்சிருக்கலாமே. கடைசியா நான் கேட்டது அந்தக் குரல்தானே. எனக்கு அது பழகிடுச்சேக்கா" என்றார்.

பிறகு அவர் எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர நேரமாகிவிட்டது, இங்கே எப்போது விடுவார்கள் என்று என்னிடம் கேட்டார்.

அவர்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. வழக்கு வேண்டாம், அவரை உடனே அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல. அப்பாவின் குரலைக் கேட்டுக் குழந்தை சொன்ன அந்த வார்த்தை மட்டும், அவள் வளர்ந்து யாரைக் கேட்டாலும், இந்தத் தாளிலிருந்து அவளுக்குப் போய்ச் சேரக் கூடாது. அதை அவள் அம்மாவும் நானும் சேர்ந்தே கேட்கிறோம்.

(ஒப்பம்)