அவசரமும் சாவகாசமும்

என்னை இந்தப் பக்கத்தில் லாயத்தம்மா என்றால்தான் தெரியும். வயது ஐம்பத்தெட்டு. கணவரோடு சேர்ந்து குதிரைச் சவாரிப் பள்ளி நடத்தி, அதன் பின்கட்டிலேயே குடியிருக்கிறேன். இறந்தவர் என் கூடப்பிறந்த அண்ணன். அவரைக் குதிரையிலிருந்து தள்ளிக் கொன்றதாகப் போலீஸார் தாங்கள் பிடித்து வைத்திருப்பவர் என் கணவர்.

அண்ணன் இளவயதில் ஜாக்கியாக இருந்தவர். தரோபிரெட் பந்தயக் குதிரையைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குக் கழுதை. என் கணவர் அரபிக் குதிரைக் கட்சி. பந்தயக் குதிரை கொஞ்ச தூரம் பறந்துவிட்டு நுரை தள்ளும், அரபிக் குதிரை காலையில் கிளம்பிய வேகத்திலேயே சாயங்காலமும் போகும் என்பார். எங்கள் கல்யாணத்தன்றும் இதே சண்டை. போட்டோக்காரர் கூப்பிட்டும் மாப்பிள்ளை வராததால் நான் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அண்ணன் ஒரு குதிரையோடு எங்களிடமே வந்து தங்கினார். அதற்கு அவசரம் என்றும் என் கணவரின் குதிரைக்குச் சாவகாசம் என்றும் கேலியாகப் பெயர் வைத்தவள் நான். பின்னால் வந்த குதிரைகளுக்கும் அதே பெயர்கள்தான். வருடாவருடம் மழை விட்டதும் இருவரும் ஏரியைச் சுற்றிப் பந்தயம் விடுவார்கள். முதல் பாதி அண்ணன் கண்ணுக்கே தெரியாத தூரம் போய்விடுவார், மறுபாதியில்தான் என் கணவர் நெருங்குவார். தோற்றவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும். அவ்வளவு சந்தோஷமான நாட்கள் எனக்கு வேறு இல்லை.

சம்பவத்தன்று காலையில் அண்ணன்தான் கூப்பிட்டார். அண்ணனுக்கு நெஞ்சுவலி உண்டு என்பதால் என் கணவர் மறுத்தார். அண்ணன் விடாமல் சீண்டவே, "வா மச்சான், இன்னிக்கு உன்ன ஒருவழி பண்ணிடறேன்" என்று என் கணவர் கத்தினார். பக்கத்து வீட்டு வாத்தியார் கேட்டுத் தங்களிடம் சொன்னது இதைத்தான். அப்படிக் கத்தாமல் அவர்கள் ஒருநாளும் குதிரை ஏறியதில்லை.

அதன் பிறகு மாடி ஜன்னலிலிருந்து மரங்கள் மறைக்கும்வரை பார்த்தேன். என் கணவர் வெகு பின்னால் இருந்தார். அண்ணன் விழுந்து கிடந்த பம்ப் செட், பாதித் தூரத்துக்கு முன்பே இருக்கிறது. அங்கே அவசரத்தைச் சாவகாசம் எட்டியதே கிடையாது. எட்டாதவர் எப்படித் தள்ளுவார்?

அதன் பிறகு என் கணவர், உயிர் இருக்கும் என்று நம்பி, அண்ணனை அவசரத்தின் முதுகில் கிடத்தித் தாங்கிப் பிடித்தபடி நடந்தே வந்தார். லாயத்து வாசலில் முதலில் நுழையும் குதிரைதான் ஜெயித்ததாகக் கணக்கு. கூடவே வந்த சாவகாசம் தாகத்தில் முந்தியது. என் கணவர் அதை மார்பில் கைவைத்துத் தள்ளி நிறுத்திவிட்டு, அவசரத்தை முதலில் உள்ளே விட்டார். அதன் பிறகு என்னிடம், "மச்சான் ஜெயிச்சுட்டான்" என்று சொல்லி அழுதார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ இல்லை, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) லாயத்தம்மா