கார்டுல போட்ட தேதி

இல்ல டாக்டர், அந்த லெட்டர இப்பவே எழுத வேணாம். தம்பி அஞ்சரைக்குத்தான் வருவான், ஆபீஸ் முடிஞ்சு. நான்தான் முன்னாடியே வந்துட்டேன். நாய்க்கு ரேபிஸ் ஊசியப் போட்டு முடிச்சு உக்காந்திருப்பேன், நீ வந்து லெட்டர மட்டும் வாங்கிக்கோன்னு சொல்லிட்டு வந்தேன். பேனாவக் கொஞ்சம் கீழ வைங்களேன். டேய் மூட்டை, எறங்கு. அது டாக்டர் மேஜை, சோபா இல்ல. எறங்கமாட்டான். வீட்டுல யாருமே என் பேச்சக் கேக்குறதில்ல, இவன் மட்டும் எதுக்குக் கேக்கணும்?

காலைல தம்பி போன்ல என்ன கேட்டான்னு எனக்குத் தெரியும். நான் பக்கத்துலதான் தோசக்கல்லத் தேச்சுக்கிட்டு இருந்தேன். மூணு வருஷம் செல்லுற மருந்துதானே டாக்டர், அப்படின்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்கன்னான். நீங்களும் ஆமா வாங்கன்னுட்டீங்க. அதெப்படி டாக்டர்? இந்தாங்க கார்டு. இது யாரு கையெழுத்து? போன வருஷம் இதே மாசம் பதினாலாம் தேதி போட்டிருக்கீங்க. அடுத்த ஊசின்னு இந்த வருஷம் பதினாலாம் தேதிய எழுதியிருக்கீங்க. இன்னைக்கு இருபத்தாறு. பன்னெண்டு நாள் தாண்டிப் போச்சு. தாண்டினது தாண்டினதுதானே?

தம்பி வேலை கெடச்சுக் குடும்பத்தோட போற அந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? ஒரு நாள் விட்டுப் போனாலும் முன்னாடி எடுத்து அனுப்புன ரத்தமும் செல்லாது, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணுமாம். இன்னைக்கு ஊசி. ஒரு மாசம் கழிச்சு ரத்தம் எடுத்து அனுப்பணும். அது சரியா இருந்தா அதுக்கப்புறம் மூணு மாசம் சும்மா உக்காந்திருக்கணும். ஆக நாலு மாசம். இவங்களுக்கு அடுத்த மாசம் பத்தாம் தேதி ஃப்ளைட். நீங்க அந்த லெட்டரக் குடுத்தீங்கன்னா மூட்டையும் பத்தாம் தேதி ஏறிடுவான். குடுக்கலன்னா இவன் இங்கதான்.

அதுல எனக்கென்னன்னு கேக்குறீங்க. நாய் மேல உள்ள அக்கறைதான், வேறென்ன. வருஷா வருஷம் போடணும், அதான் பத்திரம். நான் ஒரே பேச்சுதான் டாக்டர், மாத்தி மாத்திப் பேச மாட்டேன்.

மாத்திப் பேசுறவங்கள நீங்க எங்க வீட்டுல பாக்கணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே ரூம்ல, இதே ஸ்டூல்ல நான் உக்காந்திருக்கேன், நீங்க சொன்னீங்க. இந்த ஊசி மூணு வருஷம் தாங்கும்மா, மத்ததுக்கு வேணா வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டிட்டுப் போங்க, இத ஒவ்வொரு வருஷமும் குத்தணும்னு இல்லன்னீங்க. நான் போய் வீட்டுல வாய்தவறிச் சொல்லிட்டேன். அவ்வளவுதான். தம்பி குதிச்சான். அந்த டாக்டருக்கு வயசாயிடுச்சு, பிள்ளைங்க இருக்குற வீடு, ஒரு நாள் கூட தேதி தவறக் கூடாதுன்னான். மன்னிச்சுக்கோங்க, அவன் சொன்னதச் சொன்னேன். அதனாலதான் நீங்களும் கார்டுல ஒரு வருஷம்னே எழுதுனீங்க. அவன் பொண்டாட்டி இருக்காளே, அவ போன்ல ஏதோ குரூப்புல இருக்கா. ஊசி மேல ஊசி போட்டா நாய்க்குக் கட்டி வரும், தோல் உரியும்னு அதுல எவனாவது எழுதியிருப்பான். அவ மூணு வருஷக் கட்சி. இவன் ஒரு வருஷக் கட்சி. காலைல சாப்பிட உக்காந்தா இதே பேச்சு. அவங்க பையன் சின்னவன் தட்டுல இருக்கறது ஆறிப் போகும், ரெண்டு பேரும் போனை நீட்டி நீட்டிக் காட்டிக்குவாங்க. நடுவுல மூட்டை ஒவ்வொரு தட்டா மோந்து பாத்துட்டு வருவான். நாய்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா? என்கிட்டயும் கேக்கல. ஆனா பதினாலாம் தேதி வந்தா செயினப் புடிச்சுக்கிட்டு வரப்போறது யாரு? நான்தானே.

ஆறு வருஷம் டாக்டர். ஒரு வருஷம் தவறலையே. மழை கொட்டுன வருஷமும் வந்தேன். தம்பி பொண்ணு பெரியவளுக்கு அம்மை போட்டிருந்தப்பகூட அவள அவ அம்மாகிட்ட விட்டுட்டு ஓடி வந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை தம்பி பேப்பரெல்லாம் எடுத்துக் கட்டிலு மேல பரப்புனான். பாஸ்போர்ட்டு, ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்டு, நாய் கார்டு. கார்டப் பிரிச்சான். மூஞ்சி செத்துப் போச்சு. ஊசி போடலையான்னான். மறந்துட்டேண்டான்னேன். அக்கா, இருக்கறது ஒரே ஒரு வேலை உனக்கு, அதையும் மறந்துட்டியான்னான். ஒரே ஒரு வேலையாம். நான் அப்ப கையில வெச்சிருந்தது அவன் சட்டை, இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தேன். அடுப்புல பால் இருந்துச்சு. பெரியவ கணக்கு நோட்ட எடுத்துக்கிட்டு அத்தை அத்தைன்னு வாசல்ல நின்னா.

அன்னைக்கு ராத்திரியே அவன் கட்சி மாறிட்டான், பாத்துக்கோங்க. மூணு வருஷம் தாங்கும்தான், டாக்டரே சொல்லியிருக்காரு, அனுபவஸ்தர்னு ஆரம்பிச்சான். அவ உடனே இந்தப் பக்கம் தாவிட்டா. ஃப்ளைட்ல அத்தனை நாயோட போகுது, ஊசி போடாம எப்படி அனுப்புறதுங்கறா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பாத்ரூம்ல போய்த் தண்ணியத் தொறந்துவிட்டு சிரிச்சேன்.

சரி, நாலு மாசம் நாய் இங்க இருந்தா யாரு பாத்துக்குவாங்கன்னு கேக்குறீங்களா? அதத்தான் ஞாயித்துக்கிழமை அவங்களும் பேசுனாங்க. நாய் விடுதியில விடலாம்னா பெரியவ ஒரே அழுகை, விடுதியில விட்டா நானும் வரமாட்டேன்னு கதவச் சாத்திக்கிட்டா. அப்ப தம்பி பொண்டாட்டிதான் சொன்னா. அண்ணி இருக்காங்கல்ல, அண்ணி நாலு மாசம் கழிச்சு மூட்டையக் கூட்டிக்கிட்டு வரட்டுமேன்னா. ரொம்ப சாதாரணமாச் சொன்னா. தம்பி, அக்கா இல்லாம அங்க பிள்ளைங்கள யாரு பாக்குறது, உனக்கும் மொத நாளே வேலைன்னான். அதுலேருந்துதான் இந்த லெட்டர்ப் பேச்சு.

டாக்டர், நான் முன்னாடி என்ன வேலை பாத்தேன்னு உங்களுக்குத் தெரியாதே. கட்டிங் மாஸ்டர். யூனிஃபாரம் தைக்கிற கம்பெனி. இருபது மடிப்புத் துணிய ஒண்ணு மேல ஒண்ணா விரிச்சு, சாக்பீஸ்ல கோடு போட்டு, மெஷின் கத்திய ஒரே ஓட்டமா ஓட்டணும். கை நடுங்கினா இருபது சட்டையும் குப்பை. என் கை நடுங்கினதே இல்ல. எனக்குக் கீழ ஏழு பேர் இருந்தாங்க, மாஸ்டர் மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. தம்பிய அந்த வேலையிலதான் படிக்க வெச்சேன். அதச் சொல்லிக்காட்டல, சும்மா சொல்றேன். பெரியவ பொறந்தப்ப, அக்கா ஒரு ரெண்டு வருஷம் வீட்டுல இரு, அப்புறம் போயிக்கலாம்னான். பெரியவளுக்கு இப்ப பதிமூணு.

இந்த வருஷம் மாசி முடிஞ்சு அந்தக் கம்பெனி ஓனரம்மாவ மார்க்கெட்ல பாத்தேன். கத்தி ஓட்ட ஆள் இல்ல மாஸ்டர், வர்றியான்னாங்க. பதிமூணு வருஷம் கழிச்சு ஒருத்தங்க மாஸ்டர்னு கூப்பிடுறாங்க டாக்டர். காய்கறிப் பைய ரோட்டுல வெச்சுட்டு அப்படியே நின்னேன். மறுநாள் போய் ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன். பிள்ளைங்க ஸ்கூல் போயிருந்த நேரம். முதல் வளைவுல கொஞ்சம் பயம். அப்புறம் கை தானாப் போச்சு.

வரமாட்டேன்னு தம்பிகிட்ட சொல்ல வேண்டியதுதானேங்கறீங்க. நீங்க ஆம்பள, அப்படித்தான் கேப்பீங்க. சொன்னேனே. நான் இங்கயே இருந்துக்கறேண்டான்னேன். தனியாவான்னான். ஆமான்னேன். சிரிச்சான் டாக்டர். கோவப்பட்டிருந்தாகூட ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். நாலு பேரு என்ன சொல்லுவாங்க, கூடப் பொறந்தவள விட்டுட்டுப் போயிட்டான்னு என்னத்தானே பேசுவாங்க, லூசு மாதிரிப் பேசாதக்கான்னுட்டு டீ குடிக்கப் போயிட்டான். ஒரு பொம்பள தனக்காகத் தனியா இருக்கேன்னா ஆயிரம் கேள்வி. நாய்க்காக இருக்கேன்னா பாவம், எவ்வளவு நல்ல மனசும்பாங்க. வீட்டுச் சாவியும் குடுத்துட்டுப் போவாங்க.

கெட்டவன் இல்ல அவன். அதத்தான் நான் யார்கிட்டயும் விளக்க முடியல. காய்ச்சல்னா பக்கத்துல உக்காந்து மாத்திரை எடுத்துக் குடுப்பான். பிறந்தநாளுக்குப் புடவை எடுப்பான். கெட்டவனா இருந்தா எப்பவோ கெளம்பியிருப்பேன்.

அந்த விசா ஃபாரத்தப் பத்தி உங்ககிட்ட சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. எல்லாருக்கும் ஃபாரம் நிரப்புனான்ல, எனக்கும் ஒண்ணு. கையெழுத்துப் போடுன்னு நீட்டினான். நான் படிக்காமப் போட மாட்டேன், துணிக் கணக்குல வந்த பழக்கம். உறவுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல அக்கான்னு இல்ல. வீட்டு வேலைக்கு வர்றவர்னு இருந்துச்சு. என்னடா இதுன்னேன். அது சும்மா பேப்பருக்குக்கா, கூடப் பொறந்தவங்களக் கூட்டிட்டுப் போக அங்க சட்டத்துல எடமில்ல, இப்படிப் போட்டாத்தான் விடுவாங்கன்னான். அவன் சொல்றது நிசமாத்தான் இருக்கும். ரெண்டு வருஷத்துக்கு வேற எங்கயும் வேலை பாக்கக் கூடாதுன்னும் கீழ இருந்துச்சு. போட்டுட்டேன் டாக்டர். பேனாவ அவன் கையில குடுக்கும்போது விரல் நடுங்குச்சு. அவன் கவனிக்கல.

அங்க வீட்டோட படம் காட்டினான். பதினேழாவது மாடி. எனக்கு ஒரு ரூம், துணி தொவைக்கிற மெஷினும் அதுலயேதான் இருக்கு. ஜன்னல் இல்லையேன்னேன். ஏசி இருக்குக்கா, ஜன்னல் எதுக்குன்னான்.

நான் உங்கள பொய் எழுதச் சொல்லல. உங்க கையால ஒரு வருஷம்னு எழுதியிருக்கீங்க, அத அப்படியே விட்டுடுங்கன்னுதான் கேக்குறேன். இன்னைக்கு ஊசியப் போடுங்க, இன்னைக்குத் தேதியப் போடுங்க. நாலு மாசம். அவங்க கெளம்பின மறு மாசம் ஒண்ணாம் தேதிலேருந்து நான் கம்பெனிக்குப் போவேன். மூட்டையக் கூடவே கூட்டிக்கிட்டு வான்னு ஓனரம்மா சொல்லிட்டாங்க, மேஜைக்கு அடியில படுத்துக்குவான். நாலு மாசத்துல அவங்க அங்க ஒரு ஆள் வெச்சுப் பழகிடுவாங்க. பிள்ளைங்க சீக்கிரம் பழகிடும் டாக்டர். எனக்குத்தான் அவங்கள விட்டுப் பழக நாளாகும். சின்னவன் இன்னும் என் பக்கத்துலதான் படுக்கறான்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? தேதிய நானேதான் விட்டேனான்னு கேக்கணும்னு இருக்கு உங்களுக்கு. கேளுங்க.

உங்க கம்பவுண்டர்கிட்ட கேட்டுப் பாருங்க, அவருக்கு ஞாபகம் இருக்கும். பதினாலாம் தேதி, பத்து மணிக்கு, நான் இவனக் கூட்டிக்கிட்டு உங்க கேட்டு வரைக்கும் வந்தேன். வாங்க, கூட்டமே இல்லன்னு அவர் கூப்பிட்டாரு. கார்ட மறந்து வெச்சுட்டேன், எடுத்துட்டு வர்றேன்னேன். கார்டு என் பையிலதான் இருந்துச்சு. முக்குல இருக்குற பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் வீட்டுக்குப் போயி சோறு வடிச்சேன்.

பயமாத்தான் இருந்துச்சு. பன்னெண்டு நாளும் இவன் கொஞ்சம் இருமினாக்கூட எழுந்து பாப்பேன். ஆனா நீங்கதானே சொன்னீங்க, மூணு வருஷம் தாங்கும்னு. நான் அத அன்னைக்கே நம்பிட்டேன். நம்பாம இருந்தா இவன் உசுரோட விளையாடுவேனா டாக்டர்?

அந்தக் கதவுச் சத்தம் அவன் காருதான். நான் வெளிய பெஞ்சுல இருக்கேன். ஏன்னு கேட்டான்னா, உங்க அக்கா மறந்துட்டாங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிடுங்க. திட்டுவான். திட்டட்டும். மறதிக்காரின்னு பேரு வாங்குனா வீட்டு வேலைக்குக்கூட வேணாம்பாங்கல்ல.